முதுகைக் கேட்கும் முன் கட்டிலை அளப்போம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் விசையின் திருப்புத்திறனைக் கற்பிக்கும்போது நாம் எல்லோரும் ஏறத்தாழ ஒரே எடுத்துக்காட்டுகளைத்தான் சொல்கிறோம். கதவின் கைப்பிடி கீலிலிருந்து ஏன் தள்ளி இருக்கிறது, ஸ்பானரின் பிடி ஏன் நீளமாக இருக்கிறது, சீசாவில் ஒல்லியான பிள்ளை குண்டான பிள்ளையை எப்படித் தூக்குகிறது என்று கேட்போம். மாணவர்களும் திருப்புத்திறன் தத்துவத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதிவிடுவார்கள். இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் தூரம் நமக்கு உதவி செய்கிறது. அதே தூரம் நமக்கு எதிராக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. அது நம் இடுப்பு.

எங்கள் பள்ளியின் மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவாகச் செவிலியம் இருக்கிறது. அந்த மாணவிகள் மருத்துவமனைக்குக் களப்பயிற்சிக்குச் சென்று வருவார்கள். அவர்களுடைய ஆசிரியை ஒருநாள் என்னிடம், "டீச்சர், பிள்ளைங்க போயிட்டு வந்ததும் இடுப்பு வலிக்குதுன்னு சொல்றாங்க. முழங்காலை மடக்கித் தூக்குங்கன்னு சொன்னா, 'கட்டில் இடிக்குதே, எப்படி மடக்கறது'ன்னு திருப்பிக் கேக்கறாங்க. உங்க பிசிக்ஸ்ல இதுக்குப் பதில் இருக்கா?" என்று கேட்டார்.

பதில் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களையும் செவிலியப் பிரிவு மாணவிகளையும் ஒன்றாக அமரவைத்து இரண்டு பாடவேளைகள் நடத்தினேன். அந்தப் பாடத்தின் வரைவையும் அதில் நான் கண்டவற்றையும் இங்கே பகிர்கிறேன். செவிலியப் பிரிவு இல்லாத பள்ளியிலும் இதை நடத்தலாம். பக்கவாதம் வந்த தாத்தாவோ, எலும்பு முறிந்த பாட்டியோ இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள்.

ஏன் இந்தப் பாடம்?

சுமை தூக்கும் தொழிலாளி தோளில் ஏற்றும் சாக்கில் அதன் எடை அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தூக்குவது கடினம் என்பதை யாரும் மறுப்பதில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளியைத் தலையணைப் பக்கம் ஏற்றிப் படுக்கவைப்பது, ஒருக்களித்துத் திருப்புவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, ஸ்ட்ரெச்சருக்கு நகர்த்துவது ஆகியவற்றை யாரும் 'சுமை' என்று எழுதுவதில்லை. அவை 'பராமரிப்பு' என்ற பெயரில் அடங்கிவிடுகின்றன. ஒரு பணிநேரத்தில் எத்தனை முறை இதைச் செய்தார்கள் என்று கேட்டால் செவிலியருக்கே எண்ணிக்கை தெரியாது. கீழ்முதுகு வலி அதிகம் காணப்படும் தொழில்களில் செவிலியப் பணியும் ஒன்று என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

வலி வந்தபின் எல்லோரும் அந்தப் பெண்ணின் முதுகைத்தான் சோதிக்கிறார்கள். வலியை உண்டாக்கிய வேலையை அளப்பவர்கள் குறைவு. முதலில் வேலையை அளக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

முதல் செயல்பாடு: அளவுகோலே முதுகெலும்பு

தேவையானவை: ஒரு மீட்டர் மர அளவுகோல், ஆணி, தாங்கி, சுருள்வில் தராசு, 100 கிராம் எடைக்கல், நூல்.

அளவுகோலின் 5 செ.மீ. குறியில் துளையிட்டு, ஆணியைச் செருகித் தாங்கியில் பொருத்துங்கள். இந்த ஆணிதான் இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவே இருக்கும் டிஸ்க். 0 குறியில் சுருள்வில் தராசை மாட்டி, கீழ்நோக்கி இழுத்து அளவுகோலைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். தராசு முதுகுத் தசையின் வேலையைச் செய்கிறது. ஆணிக்கு மறுபக்கம் நீண்டிருக்கும் 95 செ.மீ. பகுதி முன்னால் குனிந்த உடல்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இன்னும் எடைக்கல்லை மாட்டவில்லை. ஆனால் தராசு ஓர் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவன், "மிஸ், ஒண்ணுமே தொங்கவிடலையே, அப்புறம் எதுக்குக் காட்டுது?" என்று கேட்டான். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். அளவுகோலின் எடை அதன் நடுவில், அதாவது 50 செ.மீ. குறியில் செயல்படுகிறது. ஆணியிலிருந்து அது 45 செ.மீ. தொலைவு. தராசோ ஆணியிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே அளவுகோலின் எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையால் தராசு இழுக்கவேண்டியிருக்கிறது. குனிந்து நிற்கும் செவிலியரின் கை வெறுமையாக இருந்தாலும் முதுகுத் தசை வேலை செய்துகொண்டே இருப்பது இப்படித்தான். நோயாளிக்கு ஊட்டும்போதும், புண்ணைத் துடைக்கும்போதும், ஊசி போடும்போதும் அவர் தன் மேலுடலையே தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

அடுத்து, 100 கிராம் எடைக்கல்லை 50 செ.மீ. குறியில் தொங்கவிடுங்கள். தராசில் ஏறத்தாழ 900 கிராம் கூடும். அதே கல்லை ஆணியை நோக்கி 30 செ.மீ. குறிக்கு நகர்த்துங்கள். இப்போது கூடுதல் 500 கிராம்தான். கல் மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியது.

வெள்ளிக்கோலைப் பார்த்த பிள்ளைகள் இருந்தால் அதையும் சொல்லலாம். வெள்ளிக்கோலில் நீண்ட கையில் இருக்கும் சிறிய எடை, குட்டைக் கையில் தொங்கும் பெரிய எடையைச் சமன்செய்துவிடும். நம் இடுப்பில் நீண்ட கை நோயாளியின் பக்கமும் குட்டைக் கை தசையின் பக்கமும் அமைந்துவிட்டன. ஆகவே தசை எப்போதும் பல மடங்கு கூடுதலாக இழுக்கவேண்டியிருக்கிறது. அது இழுக்கும் விசை முழுவதும் நடுவில் இருக்கும் டிஸ்க்கை அழுத்துகிறது.

இரண்டாம் செயல்பாடு: ஒரு நோயாளி, இரண்டு செவிலியர்

இனிக் கரும்பலகைக்கு வரலாம். எளிமைக்காக 1 கிலோவின் எடை 10 நியூட்டன் என்றும், முதுகுத் தசை டிஸ்க்கிலிருந்து 5 செ.மீ. பின்னால் இழுக்கிறது என்றும் கொள்வோம். செவிலியரின் இடுப்புக்கு மேற்பட்ட உடல் 30 கிலோ, அதாவது 300 நியூட்டன். நோயாளியின் எடை 60 கிலோ. இருவர் சமமாகத் தூக்குகிறார்கள் என்றால் ஒருவர் பங்கு 30 கிலோ, 300 நியூட்டன்.

நிலை 1: கட்டில் தாழ்வாக இருக்கிறது. செவிலியர் 45 பாகை குனிகிறார். அவருடைய மேலுடலின் ஈர்ப்பு மையம் டிஸ்க்கிலிருந்து 20 செ.மீ. முன்னாலும், கைகளில் இருக்கும் சுமை 45 செ.மீ. முன்னாலும் உள்ளன.

மேலுடலின் திருப்புத்திறன்: 300 × 0.20 = 60 நியூட்டன் மீட்டர்.
சுமையின் திருப்புத்திறன்: 300 × 0.45 = 135 நியூட்டன் மீட்டர்.
மொத்தம்: 195 நியூட்டன் மீட்டர்.
தசை இழுக்கவேண்டிய விசை: 195 ÷ 0.05 = 3900 நியூட்டன்.

நிலை 2: கட்டிலை இடுப்பளவுக்கு உயர்த்தி, செவிலியர் நெருங்கி நிற்கிறார். மேலுடல் 8 செ.மீ., சுமை 25 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன.

மேலுடலின் திருப்புத்திறன்: 300 × 0.08 = 24 நியூட்டன் மீட்டர்.
சுமையின் திருப்புத்திறன்: 300 × 0.25 = 75 நியூட்டன் மீட்டர்.
மொத்தம்: 99 நியூட்டன் மீட்டர்.
தசை இழுக்கவேண்டிய விசை: 99 ÷ 0.05 = 1980 நியூட்டன்.

நிலை 3: நிலை 1இல் உள்ளதுபோலவே குனிகிறார், ஆனால் எதையும் தூக்கவில்லை. தசை இழுக்கவேண்டிய விசை: 60 ÷ 0.05 = 1200 நியூட்டன்.

இந்த மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு மாணவர்களைப் பேசவிடுங்கள். நோயாளியும் செவிலியரும் அதே ஆட்கள்தான். கட்டிலின் உயரமும் நிற்கும் இடமும் மாறியதால் விசை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இந்தக் கணக்கில் நாம் எளிமைக்காகச் சிலவற்றை விட்டிருக்கிறோம். உடலும் சுமையும் முதுகெலும்பின் வழியே நேராக அழுத்தும் பகுதியைச் சேர்த்தால் டிஸ்க்கின் மேல் உள்ள அழுத்து விசை இன்னும் கூடும். உடலைத் திருகினாலும், வெடுக்கென இழுத்தாலும் மேலும் கூடும். இருவர் தூக்கும்போது சுமை சமமாகப் பிரிவதும் அரிது.

3900 என்பது அதிகமா, குறைவா? ஒப்பிட ஓர் எல்லை வேண்டும். அமெரிக்காவில் நியோஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் கீழ்முதுகு டிஸ்க்கின் மேல் அழுத்து விசை 3400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பதைத் தன் வழிகாட்டலின் அடிப்படையாக வைத்திருக்கிறது. நம் கரும்பலகைக் கணக்கில், இருவர் சேர்ந்து தூக்கியபோதே தாழ்வான கட்டில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இது வகுப்பறைக் கணக்கோடு நிற்கவில்லை. 1999இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாரஸ் குழுவினர் நோயாளியை மாற்றும் பல முறைகளை அளந்து ஒப்பிட்டார்கள். நோயாளியாக நடித்தவர் 50 கிலோ எடையுள்ள, ஒத்துழைக்கும் பெண். அப்படியிருந்தும் ஒருவர் தூக்கும் முறைகள் மட்டுமல்ல, இருவர் தூக்கும் முறைகளும் முதுகுக்குக் கணிசமான இடர் தருபவையாகவே இருந்தன.

பெட்டி வேறு, மனிதர் வேறு

நியோஷ் 1991இல் திருத்தி அமைத்த சமன்பாட்டில், எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கத்தக்க எடை 23 கிலோ. சுமையைப் பிடித்த கைகள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அதற்கேற்ப இந்த 23 குறையும். 25 செ.மீ. தூரத்தில் 23 கிலோ என்றால், 50 செ.மீ. தூரத்தில் பாதி, அதாவது 11.5 கிலோ. எதிர்விகிதத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கணித ஆசிரியருக்குக் கிடைக்காது. கைகளின் உயரம், திருகும் கோணம், எத்தனை முறை தூக்குகிறோம், பிடி நன்றாக இருக்கிறதா என்பவற்றுக்கும் தனித்தனிப் பெருக்கல் காரணிகள் உண்டு.

இந்தச் சமன்பாடு பெட்டிகளுக்காக உருவானது. பெட்டிக்கு வலிக்காது, அது பயந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, பாதி வழியில் கால் தளர்ந்து சரியாது. நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது. எடை ஒரே இடத்தில் நிற்காது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும். இவற்றை எண்ணிப் பார்த்து, அந்தச் சமன்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் நோயாளிகளுக்கென ஓர் எல்லையைப் பரிந்துரைத்தார். ஒருவர் கையால் தூக்கும் பகுதி 35 பவுண்டு, ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைக்கும்போது, நெருங்கி நின்று தூக்கும்போது மட்டுமே. அதற்கு மேல் போனால் கருவியின் துணை வேண்டும்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன்: ஒருவர் 16 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்றால் 60 கிலோ நோயாளியை முழுதாகத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? 60 ÷ 16 = 3.75. மூன்றே முக்கால் ஆள் கிடையாது, ஆகவே நால்வர். செவிலியப் பிரிவு மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நோயாளிக்கு நால்வர் நிற்பதை அவர்கள் களப்பயிற்சியில் பார்த்ததில்லை. இன்னொரு கேள்வி: ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 96 கிலோ நோயாளியின் ஒரு காலை மட்டும் கட்டுப்போட உயர்த்திப் பிடித்தால்? விடை 16 கிலோ. ஒரு காலிலேயே எல்லை வந்துவிட்டது.

மூன்றாம் செயல்பாடு: கேட்டும் பார்த்தும் அறிதல்

முதுகின் சிரமத்தை மதிப்பிடக் கணக்கு ஒரு வழி. துறை வல்லுநர்கள் இன்னும் இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, முறையாகக் கேட்பது. 1987இல் வெளியான நார்டிக் வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. மனித உடலின் படத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடந்த 12 மாதங்களில் தொந்தரவு இருந்ததா, கடந்த 7 நாட்களில் இருந்ததா, அதனால் வழக்கமான வேலை தடைப்பட்டதா என்று கேட்கும். "முதுகு வலிக்குதா?" என்று பொதுவாகக் கேட்டால் "அது எப்பவும் இருக்கறதுதான்" என்று பதில் வரும். காலமும் இடமும் சொல்லிக் கேட்டால்தான் பதில் தெளிவாகும். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல், செய்த வேலை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் செய்தவரையே எண்ணால் சொல்லவைக்கிறது. நாங்கள் 0 முதல் 10 வரையிலான வடிவத்தைப் பயன்படுத்தினோம்.

மற்றொன்று, முறையாகப் பார்ப்பது. சூ ஹிக்னெட், லின் மெக்காட்டம்னி ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ரீபா முறையில், வேலை செய்பவரின் கழுத்து, உடல், கால், கைகள் ஆகியவற்றின் நிலைக்கு மதிப்பெண் போட்டு, சுமையையும் பிடியையும் சேர்த்து 1 முதல் 15 வரை ஒரு மதிப்பெண் பெறுகிறார்கள். 4 முதல் 7 வரை நடுத்தர இடர். 8 முதல் 10 வரை அதிக இடர், விரைவில் மாற்றம் தேவை. 11க்கு மேல் மிக அதிகம், உடனே மாற்றவேண்டும்.

முழு முறையும் பள்ளிக்குத் தேவையில்லை. உடற்பகுதிக்கான மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். நேராக நின்றால் 1. முன்பக்கம் 20 பாகை வரை குனிந்தால் 2. 20 முதல் 60 வரை 3. 60க்கு மேல் 4. உடலைத் திருகினாலோ பக்கவாட்டில் சாய்ந்தாலோ ஒன்று கூட்டிக்கொள்ளவேண்டும். இரண்டு மேசைகளைச் சேர்த்துக் கட்டிலாக்கி, போர்வையைச் சுருட்டி நோயாளியாகப் படுக்கவைத்தோம். ஒருவர் குனிய, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தார். படத்தில் இடுப்பையும் தோளையும் இணைத்துக் கோடு வரைந்து, செங்குத்துக் கோட்டோடு அது செய்யும் கோணத்தைப் பாகைமானியால் அளந்தார்கள். பிறகு போர்வையைத் தரையில் பாயில் போட்டு அதையே செய்தார்கள். தன் முதுகு எவ்வளவு வளைகிறது என்பதைப் படத்தில் பார்க்கும்வரை யாரும் நம்பவில்லை.

ஓர் எச்சரிக்கை: எந்தச் சூழலிலும் மாணவரை மாணவர் தூக்கவிடாதீர்கள். போர்வையும் தலையணையும் போதும்.

முழங்காலை மடக்கினால் போதாதா?

மாணவிகள் கேட்ட முதல் கேள்விக்கு இப்போது அவர்களே பதில் சொன்னார்கள். தரையில் இருக்கும் பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து முழங்காலை மடக்கினால் பெட்டி உடலுக்கு நெருங்கி வரும்; தூரம் குறையும். கட்டிலில் இருப்பவரை அப்படிக் காலுக்கு நடுவில் கொண்டுவர முடியாது. கட்டிலின் விளிம்பு முழங்காலைத் தடுக்கிறது. கால் மடங்கினாலும் 45 செ.மீ. 45 செ.மீ.யாகவே இருக்கிறது. சரியாகத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது மட்டுமே முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் கூறுகிறார்கள்.

"எங்கம்மா பெல்ட் கட்டிக்கிட்டுதான் மிஸ் டூட்டிக்குப் போறாங்க. அது தப்பா?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் அம்மா ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர். தப்பில்லை என்றேன். மருத்துவர் கட்டச் சொல்லியிருந்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் அடிபடாத முதுகை பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று நியோஷ் 1994இலேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டினால் கட்டில் உயராது, நோயாளியும் அருகில் வரமாட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அம்மா வார்டில் இருக்கும் கட்டிலின் உயரத்தைச் சாணால் அளந்துவந்து சொல்லியிருக்கிறார்: மூன்று சாண். மகள் அம்மாவின் சாணை ஸ்கேலில் வைத்து அளந்து செ.மீ.க்கு மாற்றியிருந்தாள். வீட்டிலேயே அந்த உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, அம்மாவைக் குனியச் சொல்லி, தூரத்தை அளந்து கணக்குப் போட்டிருந்தாள். விடை எல்லையைத் தாண்டியிருந்தது. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "'இத்தன நாளா என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி'ன்னாங்க மிஸ்" என்றாள்.

அந்தத் தாளில் இரண்டு இடங்களில் அலகு எழுதவில்லை. மற்றபடி முழு மதிப்பெண் போட்டேன்.

என்ன மாற்றலாம்?

அளப்பதோடு நின்றால் பாடம் பாதியில் நின்றுவிடும். சூத்திரத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, எதை மாற்ற முடியும் என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பின் பட்டியல் இது.

தூரத்தைக் குறைப்பது: உயரத்தை மாற்றத்தக்க கட்டிலாக இருந்தால் வேலைக்கு முன் உயர்த்திக்கொள்வது; வேலை முடிந்ததும் நோயாளி விழாமலிருக்கத் தாழ்த்துவது. பக்கத் தடுப்பை இறக்கிவிட்டு நெருங்கி நிற்பது. வீட்டில் கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகள் வைத்து உயர்த்த முடியுமா என்று பெரியவர்களோடு பேசுவது.

தூக்குவதைத் தவிர்ப்பது: நகர்த்தினால் போதும் என்றால் எதற்குத் தூக்கவேண்டும்? வழுக்கும் துணியை நோயாளியின் அடியில் விரித்து இழுத்தால் உராய்வு குறையும். இதற்கு எளிய சோதனை உண்டு. 5 கிலோ அரிசிப் பையைப் பருத்திப் போர்வையின் மேல் வைத்து, சுருள்வில் தராசால் கிடைமட்டமாக இழுத்து அளவைக் குறியுங்கள். பிறகு பைக்கு அடியில் நைலான் துணியை இரண்டாக மடித்துப் போட்டு இழுங்கள். இரண்டு அளவுகளையும் பையின் எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். தோல் துணியோடு உரசுவதும் குறைவதால் நோயாளிக்குப் படுக்கைப்புண் வரும் வாய்ப்பும் குறைகிறது.

நோயாளியின் பங்கு: அவரால் முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்ற முடியுமா? கட்டில் கம்பியைப் பிடிக்க முடியுமா? முடிந்த அளவு அவரே தள்ளினால் செவிலியரின் சுமை குறையும். அவருடைய தன்னம்பிக்கையும் வளரும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து நகர்த்துவது இதற்காகத்தான்.

ஆள் எண்ணிக்கையும் கருவியும்: இது வார்டை நடத்துவோர் முடிவெடுக்க வேண்டியது. இத்தாலியில் உருவான மாப்போ என்ற மதிப்பீட்டு முறை தனிப்பட்ட செவிலியரை அளக்காமல் வார்டு முழுவதையும் அளக்கிறது. தானாக நகர முடியாத நோயாளிகள் எத்தனை பேர், பணியாளர் எத்தனை பேர், தூக்கும் கருவி இருக்கிறதா, சக்கர நாற்காலிகள் நல்ல நிலையில் உள்ளனவா, குளியலறையில் இடம் போதுமா, பயிற்சி தரப்பட்டதா என்று கேட்டு ஒரே குறியீட்டெண்ணாக்குகிறது. வலி தனிமனிதரின் குறை அல்ல என்ற எண்ணமே அதன் அடிப்படை.

இந்த மதிப்பீடுகள் எவையும் மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, காய்ச்சல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. மேலுடல் எடை 300 நியூட்டன், தூரம் 20 செ.மீ.; சுமை 150 நியூட்டன், தூரம் 45 செ.மீ. தசை டிஸ்க்கிலிருந்து 5 செ.மீ. பின்னால் இழுக்கிறது. தசையின் விசை என்ன? (விடை: 2550 நியூட்டன்)

2. அதே நோயாளியை இருவருக்குப் பதில் நால்வர் தூக்கினாலும் விசை ஏன் பாதியாகவில்லை? (விடை: மேலுடலின் திருப்புத்திறன் மாறவில்லை.)

3. கைகள் 40 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது, தூரத்தை மட்டும் கணக்கில் கொண்டால் நியோஷ் சமன்பாட்டின்படி தூக்கத்தக்க எடை என்ன? (விடை: ஏறத்தாழ 14.4 கிலோ)

4. உங்கள் வீட்டில் குனிந்து செய்யும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தூரத்தைக் குறைக்க ஒரு வழி எழுதுக.

நான்காம் வினாவுக்கு வந்த விடைகள் பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, தம்பியைக் குளிப்பாட்டுவது என்று விரிந்தன. ஏறக்குறைய எல்லா விடைகளிலும் அந்த வேலையைச் செய்பவர் அம்மாவோ, அக்காவோ, பாட்டியோதான். இரண்டு மாணவர்கள் "தூரத்தைக் குறைக்க வழி இல்லை, ஆளை மாற்றலாம், நான் செய்கிறேன்" என்று எழுதியிருந்தார்கள். இயற்பியல் விடையாக அதற்கு மதிப்பெண் போட முடியாது. இருந்தாலும் அந்த இரண்டு விடைகளையும் வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

ஒரு மர அளவுகோலும் சுருள்வில் தராசும் எல்லா ஆய்வகங்களிலும் இருக்கின்றன. 5 செ.மீ. குறியில் துளையிட ஐந்து நிமிடம் போதும். இந்த ஆண்டு திருப்புத்திறன் பாடத்துக்கு வரும்போது கதவையும் ஸ்பானரையும் சொல்லி முடித்தபின் இதையும் ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள். எடைக்கல்லை மாட்டும் முன்பே உங்கள் வகுப்பிலும் யாராவது கேள்வி கேட்பார்கள்.